கம்போசிட் பழகிய கதைகள்: யார் கை, யார் நிழல்?

தொடக்கப் பதிவு

கம்போசிட் படங்களில், அதாவது பல படங்களிலிருந்து வெட்டிச் சேர்த்து ஒன்றாகச் செய்யும் படங்களில், நன்றாக வந்ததைக் காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். பழகும்போது சொதப்பியதை யாரும் சொல்வதில்லை. நானே தொடங்கிவைக்கிறேன், அப்புறம் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

என் முதல் முயற்சி அண்ணன் மகளை வைத்து. ஆறு வயது. பெரிய புத்தகம் ஒன்றின் மேல் உட்கார்ந்து மலைகளுக்கு மேலே பறக்கிற மாதிரி. அவளை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தேன். மலையும் வானமும் முன்பே ஒரு பயணத்தில் எடுத்து வைத்திருந்தவை. வெட்டி எடுக்க மட்டும் மூன்று ராத்திரி போனது. நெற்றியில் விழுந்த முடியை ஒவ்வொன்றாக மாஸ்க் செய்தேன் (வேண்டியது மட்டும் தெரியும்படி மற்றதை மறைப்பது). பெருமையோடு அம்மாவிடம் காட்டினால், இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "புள்ள அழகா இருக்கா. ஆனா ஏன்டா ஒட்டி வச்ச மாதிரி இருக்கு?" என்றார். லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனிப் பட அடுக்குகள்), மாஸ்க் எதுவும் அவருக்குத் தெரியாது. பார்த்ததும் உறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

எது காட்டிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் மாய்ந்து மாய்ந்து வெட்டிய முடி இல்லை. ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம். மலைப் படத்தில் சூரியன் வலப்பக்கம். அது ஒன்று. இன்னொன்றுதான் பெரிய தப்பு. நான் நின்ற வாக்கில் குனிந்து அவளை எடுத்திருந்தேன். உச்சந்தலை தெரிகிறது, கால்கள் குட்டையாகிவிட்டன. மலையை எடுத்தபோது கேமரா நேராகப் பார்த்தது. சமதரையில் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அடிவானக் கோடு எல்லோர் மேலும் குறுக்கே போகும். கேமரா 1 மீட்டரில் இருந்தால், கிட்டே நிற்பவரையும் தூரத்தில் நிற்பவரையும் அதே 1 மீட்டர் உயரத்தில் வெட்டும். இது புரிந்த பிறகு வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பின்னணி, பிறகுதான் குழந்தை. பின்னணி எடுக்கும்போதே கேமராவின் உயரம், சாய்வு, லென்ஸ் எத்தனை மி.மீ., வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொள்கிறேன்.

பதில் 1

சகோ, எத்தனை அடி தள்ளி நின்றீர்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாவதும், தள்ளிப்போனால் முகம் தட்டையாவதும் தூரத்தால்தான். எவ்வளவு இடம் படத்துக்குள் வரும் என்பதை மட்டும்தான் லென்ஸ் தீர்மானிக்கும்.

என் கதை தலை மாற்றுவது பற்றி. ஒரு குடும்பம், 14 பேர், அதில் ஐந்து வயதுக்குள் மூன்று வாண்டுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேமராவைப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. டிரைபாட் போட்டு இருபது படங்கள் எடுத்து, யார் எதில் நன்றாக இருக்கிறார்களோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) படத்துக்குப் படம் மாறாதபடி மேனுவலில் வைத்தேன். ஃபோகஸை மறந்துவிட்டேன். ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் நகர, படத்தின் அளவும் கூடவே துளித்துளி மாறிவிட்டது. பல லென்ஸ்களில் ஃபோகஸை நகர்த்தினாலே இப்படி ஆகும். ஒரு படத்துத் தலை இன்னொரு படத்துக் கழுத்தில் சரியாக உட்காரவே இல்லை.

அதைக்கூட இழுத்துப் பிடித்துச் சரிசெய்துவிட்டேன். முகத்தை மட்டும் வெட்டினால் கழுத்தில் தையல் தெரியும். தோளோடு, சட்டை மடிப்போடு எடுத்தால் தெரியாது என்பதை அன்றுதான் கற்றேன். பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுப் பாட்டி போனில், "தம்பி, எனக்குப் பேரப்பிள்ளைங்க ஆறு. நீங்க ஏழு குடுத்திருக்கீங்க" என்றார். ஒரு பையன் நடுவில் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றிருக்கிறான். ஒரு படத்திலிருந்து இடது ஓரத்தை எடுத்தேன், இன்னொன்றிலிருந்து வலது ஓரத்தை. இரண்டிலும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வேறு பிரிண்ட் கொடுத்தேன். பழையதைத் திருப்பிக் கேட்டால் பாட்டி தரவில்லை.

பதில் 2

நெகடிவ் காலத்து ஆள் நான். இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்து கொண்டுவந்த வேலை என்று இளையவர்கள் பேசும்போது சிரிப்பு வரும். ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் 1857இலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். அடுத்த வருடம் ராபின்சன் என்ற இன்னொரு புகைப்படக்காரர் ஐந்து நெகடிவ்களில் ஒரு குடும்பக் காட்சியைச் செய்தார்: உயிர் பிரியப்போகும் இளம்பெண், சுற்றிலும் வீட்டார். எல்லாம் நடிக்கவைத்து எடுத்தது. இவ்வளவு துயரமான விஷயத்தைப் படமாகக் காட்டலாமா என்று அன்றைக்கே சண்டை.

இருட்டறையில் நாங்கள் கறுப்பு அட்டையை வெட்டி, என்லார்ஜரின் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்போம். அட்டை ஒரே இடத்தில் நின்றால் விளிம்பில் கோடு விழும். தப்பினால் தாள் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோட்டோஷாப் 1990இல் வந்தபோதுகூட அதில் லேயர் கிடையாது, 1994இல் 3.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தப் பயத்தில் எடுக்கும்போதே ஒழுங்காக எடுத்தோம். இது பெருமைக்குச் சொல்வது இல்லை, சரி, கொஞ்சம் பெருமைதான்.

பதில் 3

பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆன குழந்தைகளை எடுப்பவள் நான். இரண்டு கையிலும் மோவாயை ஊன்றிக்கொண்டு குழந்தை தூங்குகிற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது கம்போசிட். பச்சைக் குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது. முதல் படத்தில் உதவியாளர் குழந்தையின் தலையை மேலிருந்து விரல்களால் பிடித்திருப்பார். அடுத்ததில் தலையை விடாமல் பிடியை மாற்றி, மணிக்கட்டுகளைத் தாங்குவார். இரண்டையும் சேர்த்தால் பிடித்த கை மறைந்துவிடும். எந்த நொடியிலும் குழந்தை தானாக அப்படி இருப்பதில்லை.

ஒருமுறை ஒரு தாய் போனில் இந்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி, "வீட்டிலேயே தலையணை வச்சு முயற்சி பண்ணிப் பார்த்தோம், நிக்கவே மாட்டேங்குது" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் படத்தை உலகம் பார்க்க வெளியிட்டவர்களில் நானும் ஒருத்தி. கையை அழித்த பிறகுதானே போடுகிறோம்? அன்றிலிருந்து முடிந்த படத்தோடு, கை தெரிகிற இரண்டு மூலப் படங்களையும் சேர்த்தே காட்டுகிறேன். மாயம் போய்விடுகிறது என்று சிலருக்கு வருத்தம். போகட்டும்.

வேலை நுணுக்கம் ஒன்று. இரண்டு படங்களுக்கும் நடுவில் அரை நிமிடம் போனாலே குழந்தை உதட்டைச் சுழித்திருக்கும், விரலை மடக்கியிருக்கும். அதனால் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்து, பிடி மாறும் தருணத்துக்கு மிக அருகில் உள்ள இரண்டைத்தான் பொறுக்குவேன்.

பதில் 4

நான் தொழில் செய்பவள் இல்லை, மகளுக்காகப் பழகியவள். அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு அவள் அப்பா ஊரில் இல்லை. என் தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு நின்றான், படம் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் வந்ததும், அதே இடத்தில், அதே நேரத்தில், அதே உயரத்தில் கேமராவை வைத்து, கையில் ஒரு தலையணையைக் கொடுத்து நிற்கவைத்தேன். தம்பியை எடுத்துவிட்டு அவரை வைத்தேன். நிறம் ஒத்துப்போகவே இல்லை; முதல் நாள் மேகம், இரண்டாம் நாள் வெயில். வாசல் வெயிலை ஒரு வெள்ளை வேட்டியால் மறைத்து மறுபடி எடுத்த பிறகுதான் சரியாக வந்தது. படத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. போன மாதம் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னைக்கு எங்கப்பா என்னைத் தூக்கிச் சுத்தினாங்க, எனக்குத் தலை சுத்திச்சு." எனக்குத் தலை சுற்றியது அப்போதுதான். 2002இல் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் மூன்று பேரும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 20 பேரின் சிறுவயதுப் படங்களை வீட்டாரிடம் வாங்கி, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறந்த மாதிரி ஒட்டிக் காட்டினார்கள். யாரும் பறந்ததே இல்லை. மூன்றாவது முறை விசாரிப்பதற்குள் 10 பேருக்கு அந்தப் பயணம் முழுதாகவோ கொஞ்சமாகவோ "ஞாபகம்" வந்துவிட்டது. அவர்கள் எல்லாம் பெரியவர்கள். என் மகளுக்கு அந்தப் படம் நான்கு வருடம் சுவரில் தொங்கியிருக்கிறது.

அவளிடம் சொல்லிவிட்டேன். மூலப் படத்தையும் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரி பார்த்தாள். இப்போது சேர்த்த படங்களுக்குப் பின்னால் எழுதிவைக்கிறேன், யார் எப்போது எடுத்தது, யாரைச் சேர்த்தது என்று. ஃபைல் பெயரிலும் "சேர்த்தது" என்று போட்டுவிடுகிறேன்.

தொடங்கியவர்

அக்கா, ஒரு சந்தேகம். குழந்தை தம்பி கையில் இருந்தாள் என்கிறீர்கள். தூக்கியிருக்கும் கைகளை எப்படி மாற்றினீர்கள்? விரல்கள் கவுன் மடிப்புக்குள் புதைந்திருக்குமே. நான் அந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்.

பதில் 4 எழுதியவர்

மாற்றவில்லை தம்பி. நான்கு நாள் முயன்று விட்டுவிட்டேன். தலையும் தோளும் முழங்கை வரைக்கும்தான் அவர். முழங்கைக்குக் கீழே என் தம்பி, தரையில் விழுந்திருக்கிற நிழலும் அவனுடையதுதான். அவள் கண்டுபிடித்த முதல் வித்தியாசமே அதுதான்: "அம்மா, இது அப்பா கை இல்ல, மாமா வாட்ச்."