லாங்ஹார்ன் மாடு: கொம்புக்கா, கறிக்கா?

மேய்ச்சல்காரன்:
டெக்சஸில் கறிக்காக மாடு வளர்ப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட் என்னும் இரண்டு பிரிட்டிஷ் இனங்களைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. அந்த மண்ணில் முந்நூறு ஆண்டுகளாகத் தானே பிழைத்துப் பெருகிய லாங்ஹார்னை வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கும் காட்சிப் பொருளாக்கிவிட்டோம். முள்ளும் வறட்சியும் மிகுந்த நிலம் உள்ளவருக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

கொலம்பஸ் 1493-இல் தம் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுக்குக் கொண்டுவந்த ஸ்பானிய மாடுகளின் வழித்தோன்றல்கள் மெக்சிகோ வழியாக டெக்சஸ் வந்து, பின்னர் பெருமளவில் காட்டு மாடுகளாகவே திரிந்தன. தீவனம் வைக்கவும் ஈற்றின்போது கை கொடுக்கவும் ஆளில்லாத அந்தத் தலைமுறைகளில், தண்ணீரைத் தேடி நெடுந்தூரம் நடக்கவும் ஓநாயிடமிருந்து கன்றைக் காக்கவும் தெரிந்த பசுவின் வம்சம் மட்டுமே நிலைத்தது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் 4 டாலருக்கு விற்ற மாட்டுக்கு வட மாநிலங்களில் 40 டாலர் வரை கிடைத்தது. அந்த விலைக்காகப் பல நூறு மைல் நடத்தி, கேன்சஸின் அபிலீன் ரயில் நிலையம் வரை ஓட்டிச் செல்லப்பட்ட மந்தைகள் வழியோரப் புல்லை மட்டுமே மேய்ந்து போய்ச் சேர்ந்தன. பட்டியில் அடைத்துத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் இன்றைய ஃபீட்லாட் மாடு எதனிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
வரலாற்றை நான் மறுக்கவில்லை, ஐயா. அதில் பாதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதே காலத்தில் டெக்சஸின் வளைகுடாக் கரையில் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் மட்டுமே லாங்ஹார்னை வெட்டி, கறியைப் பெரும்பாலும் வீசி எறிந்த தொழிற்சாலைகள் இயங்கின. 1874-இல் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி பரவி, எந்தக் காளை எந்தப் பசுவைச் சேர வேண்டும் என்பதை உரிமையாளரே தீர்மானிக்க முடிந்தவுடன் அவர்கள் செய்த முதல் வேலை பிரிட்டிஷ் காளைகளை வாங்கியதுதான். இந்த இனம் அருகிப்போய், 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 3,000 டாலர் ஒதுக்கி ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைக் காப்பகத்தில் ஒரு சிறு மந்தையைச் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. மாட்டைப் பற்றி நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தவறாக முடிவெடுத்தார்கள் என்று நம்ப எனக்கு மனமில்லை.

இன்றைய நிலையும் அதுதான். ஏலச் சந்தையில் பல நிறத் திட்டுகளோடும் கொம்போடும் ஒரு கன்று உள்ளே வந்தாலே விலை குறைந்துவிடுகிறது. உடல் சிறியது, எடை கூட நாளாகிறது, தசைக்குள் கொழுப்பு இழையோடுவது குறைவு என்பதால் அரசுத் தர முத்திரையில் மிக உயர்ந்த தரமான ‘பிரைம்’ கிடைப்பது அரிது. கொம்புள்ள மாடு தீவனத் தொட்டியிலும் லாரியிலும் அதிக இடம் பிடிப்பதோடு பக்கத்து மாட்டின் விலாவில் காயத்தையும் ஏற்படுத்துகிறது. அந்தக் காயம் பட்ட கறியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

மேய்ச்சல்காரன்:
கன்று என்ன விலைக்குப் போனது என்பதை மட்டும் வைத்து இலாபம் பார்க்கிறீர்கள். தாய்ப்பசுவின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறேன். லாங்ஹார்ன் கன்று பிறக்கும்போது பெரும்பாலும் 25 முதல் 30 கிலோதான் இருக்கும். பசுவின் இடுப்பு வழியோ விசாலமானது. தலையீற்றுக் கிடேரிகளுக்கு ஈற்று சிக்கலாகக் கூடாது என்பதற்காகவே, வேறு இன மந்தை வைத்திருப்பவர்களும் முதல் சினைக்கு மட்டும் லாங்ஹார்ன் பொலிகாளையை விடுவதுண்டு. பெரிய கன்று சுமந்த கிடேரி நள்ளிரவில் முக்கிக்கொண்டிருக்க, கன்றின் முன்னங்கால்களில் சங்கிலி மாட்டி இருவர் இழுக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். லாங்ஹார்ன் பசு புதருக்குள் ஒதுங்கி ஈன்று, கன்றை நக்கிக் காயவைத்து, பால் குடிக்கச் செய்து, புல்லில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேயக் கிளம்பும். பதினைந்து வயதைத் தாண்டியும் கன்று ஈனும் பசுக்கள் இந்த இனத்தில் அபூர்வமல்ல. ஒரு பசு கூடுதலாகத் தரும் கன்றுகளையும், அதற்கு மாற்றாகக் கிடேரி வளர்க்காமல் மிச்சமாகும் செலவையும் உங்கள் ஏட்டில் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்? நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உண்ணிக் காய்ச்சலே அண்டாத இனம் இது.

பட்டி மருத்துவர்:
அந்தக் கடைசி வரியை மட்டும் அப்படியே விட முடியாது, மேய்ச்சல்காரன் ஐயா. ‘டெக்சஸ் காய்ச்சல்’ என்று பெயர் பெற்ற அந்த நோயை உண்டாக்குவது இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் பபேசியா என்னும் ஒட்டுண்ணி. இளங்கன்றுப் பருவத்தில் உண்ணிக் கடி பட்டால் நோய் இலேசாக வந்து போய், அதன்பின் எதிர்ப்பாற்றல் நிலைக்கும். டெக்சஸில் பிறந்த மாடுகள் இப்படித்தான் தப்பின. ஆனால் அவை நடந்து சென்ற வழியெங்கும் உண்ணிகள் உதிர்ந்ததால், அதுவரை அவற்றை அறியாத கேன்சஸ், மிசௌரி மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மந்தையை ஓட்டி வந்தவர்களைத் துப்பாக்கியோடு உள்ளூர் விவசாயிகள் மறித்ததும், கேன்சஸ் தன் எல்லையை மூடியதும் இதனால்தான். தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1893-இல் உண்ணியே நோயைக் கடத்துகிறது என்று நிறுவினார்கள். நோய் பரப்புவதில் பூச்சி, உண்ணி வகைகளின் பங்கை ஐயமின்றிக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

ஆகவே உண்ணி இல்லாத பட்டியில் வளர்ந்த லாங்ஹார்ன், இனப் பெருமையால் மட்டும் இந்தக் காய்ச்சலிலிருந்து காக்கப்படாது. 1906-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தால் அந்த உண்ணி இன்று மெக்சிகோ எல்லையோரத்துக் குறுகிய பகுதிக்குள் அடக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலான பண்ணைகளில் இந்த ஆதாயத்துக்கு வேலையுமில்லை. வெயிலைத் தாங்குவது வேறு செய்தி. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு, லாங்ஹார்னின் மூதாதையரில் ஐரோப்பிய மாடுகளோடு திமிலுள்ள மாடுகளின் வழியும் கலந்திருப்பதைக் காட்டியது. வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
மருத்துவருக்கு நன்றி. என் அடுத்த கேள்வி, எந்த லாங்ஹார்ன் என்பது. இன்று பெரும் பணம் கைமாறுவது கொம்பின் நீளத்துக்காகத்தான். 2019-இல் அலபாமாவைச் சேர்ந்த ஒரு மாட்டின் கொம்பு நுனிக்கு நுனி 3 மீட்டருக்கு மேல் அளக்கப்பட்டு உலகச் சாதனையானது. அது காயடித்த காளை. அதனிடமிருந்து ஒரு கன்றும் வராது. கொம்பையும் தோலின் நிறத்தையும் பார்த்தே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தால், நீங்கள் புகழும் தாய்மையும் நடையும் எத்தனை காலம் நிற்கும்? காடு தேர்ந்தெடுத்த மாட்டின் பெயரைச் சொல்லிக் கண்காட்சி தேர்ந்தெடுத்த மாட்டை விற்கிறார்கள்.

மேய்ச்சல்காரன்:
இதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொம்பு மோகத்துக்கு ஒதுங்கி, பழைய வகையை இரத்தப் பரிசோதனையோடு தனிப் பதிவேட்டில் காப்பவர்கள் இருக்கிறார்கள். மாடு வாங்குபவர் அவர்களிடம் போக வேண்டும். அந்தப் பசுக்களின் கொம்பு அளவானதாக இருக்கும். குறுகலான வாசலில் தலையை ஒருபுறம் சாய்த்து, முதலில் ஒரு கொம்பையும் பிறகு மற்றதையும் நுழைத்து அவை சாவதானமாகக் கடந்துவிடும்.

சந்தைக்கும் வழி உண்டு. அந்தப் பசுவுக்கு ஆங்கஸ் பொலிகாளையை விட்டால், கொம்பில்லாமையும் கறுப்பு நிறமும் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே கன்றில் வெளிப்படும் ஓங்கு பண்புகள் என்பதால், கன்று பெரும்பாலும் கறுப்பாக, கொம்பில்லாமல் பிறக்கும். இரண்டு இனம் கலப்பதால் வரும் கலப்பு வீரியத்தால் எடையும் கூடும். ஏலத்தில் அதன் தாய் யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
நல்ல வியாபார யோசனை. ஆனால் எல்லாரும் அப்படியே செய்தால் இருபது ஆண்டுகளில் தூய பசுவே இருக்காது. 1880-களில் நடந்ததும் இதேதான். பாரம்பரியத்தைக் காக்கவே வளர்க்கிறேன் என்று தொடங்கிவிட்டு, அதைக் கரைத்துத்தான் இலாபம் காட்டுகிறீர்கள்.

மேய்ச்சல்காரன்:
அதனால்தான் மந்தையில் சிறந்த மூன்றில் ஒரு பங்குப் பசுக்களுக்கு எப்போதும் லாங்ஹார்ன் காளையையே விட வேண்டும் என்கிறேன். அவற்றின் கிடேரிகள் மந்தைக்கு. காளைக் கன்றுகளைக் காயடித்து, இரண்டரை ஆண்டு புல்லிலேயே வளர்த்து, ஏலத்துக்கு அனுப்பாமல் பாதி மாடு, கால் மாடு என்று குடும்பங்களுக்கு நேராக விற்க வேண்டும். கொழுப்புக் குறைந்த கறி என்பது தர முத்திரைக்குக் குறை. அதைத் தேடி வருபவருக்கு அதுவே நிறை.

பட்டி மருத்துவர்:
அந்த வழியில் போவதானால் மாடு வாங்குமுன்பே வெட்டுக்கூடத்தில் பேசி வையுங்கள். மாட்டை நிறுத்தும் இரும்புக் கூண்டுக்குள் கொம்பு நுழையாது என்று திருப்பி அனுப்பும் கூடங்களும், அதற்கென்று கூடுதல் கட்டணம் கேட்கும் கூடங்களும் உண்டு. முற்றிய கொம்பை அந்த நேரத்தில் அறுப்பது மாட்டுக்குப் பெரும் வேதனை, அதற்கு உடன்படாதீர்கள்.