புதுப்பிப்பு: இருட்டுக் காலையில் பதறாமல் எழுவது

இருட்டு விலகாத காலைகளில் அலாரம் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, வேறு வழி உண்டா என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன விடியல் விளக்கையே வாங்கிவிட்டேன். எழ வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே மங்கலான செம்மையில் தொடங்கி, மெல்ல மஞ்சளாகி, பிறகு வெளுக்கிறது. மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும் என்பதால்தான் இது வேலை செய்கிறது.

முதல் நான்கு நாள் பலனே இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவன். விளக்கை அந்தப் பக்கம் மாற்றி, முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இப்போது கண் திறக்கும்போது போர்வையின் நூலிழைகூடத் தெரிகிறது, படபடப்பு இல்லை. அப்புறம், நேரம் கழித்துப் படுத்த இரண்டு நாளும் விளக்கு எரிய எரியத் தூங்கிப்போனேன். அதனால் அலாரத்தை அணைக்கவில்லை, ஒலியைக் குறைத்து 10 நிமிடம் தள்ளி வைத்திருக்கிறேன்.