சினைப்பை புற்றுநோயில் எம்.பி.வி: தீசிஸுக்கு எந்தக் கட்-ஆஃப் எடுக்கலாம்?

கேள்வி (பிஜி_பேத்தாலஜி):
எபிதீலியல் சினைப்பை புற்றுநோயில், சிகிச்சைக்கு முந்தைய எம்.பி.வி-க்கும் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் சராசரிப் பருமன்) ஆயுட்காலத்துக்கும் தொடர்பு உண்டா என்று பழைய ரெக்கார்டுகளை வைத்துப் பார்க்கத் திட்டம். சுமார் 140 கேஸ் கிடைக்கும், அதில் 50 பேர் அளவுக்கு இறந்திருப்பார்கள். ஆர்.ஓ.சி வளைகோடு வரைந்து கட்-ஆஃப் (உயர்வு, தாழ்வைப் பிரிக்கும் எல்லை எண்) எடுத்து, கப்லான்-மெயர் (உயிர்வாழ்வு வரைபடம்) போடுவதாக இருக்கிறேன். சில கட்டுரைகள் எம்.பி.வி கூடினால் மோசம் என்கின்றன, சில குறைந்தால் மோசம் என்கின்றன. ஏன் இப்படி? இடையில் எங்கள் லேபில் கருவியும் மாறியிருக்கிறது.

பதில் 1 (ஹெமட்டாலஜி_லேப்):
முரண்பாட்டில் பெரும்பங்கு ஊதா மூடிக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது டாக்டர். ஈ.டி.டி.ஏ-வில் (அந்தக் குழாயிலுள்ள உறைதடுப்பான்) விழுந்ததும் தட்டையான பிளேட்லெட் உருண்டையாகி ஊத ஆரம்பிக்கும். இம்பீடன்ஸ் கருவியில் (மின்தடையை வைத்து அளப்பது) எம்.பி.வி முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல நிதானப்படும். ஆப்டிகல் முறையில் (ஒளியை வைத்து அளப்பது) இதே போக்கு வராது. வார்டில் எடுத்து உடனே ஓட்டிய சாம்பிளையும், ஓ.பி-யில் மதியம் வரை ஸ்டாண்டில் நின்ற சாம்பிளையும் ஒரே பட்டியலில் போட்டால், நீங்கள் அளப்பது நோயை அல்ல, காத்திருந்த நேரத்தை.

எல்.ஐ.எஸ்-இல் (லேப் கணினிப் பதிவு) ரத்தம் எடுத்த நேரமும் ஓட்டிய நேரமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வித்தியாசம் 2 மணி நேரத்துக்கு மேல் போனவற்றை நீக்குங்கள். எடுத்த நேரம் என்பது பல இடங்களில் பில் போட்ட நேரம்தான், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவி விஷயம்: சிஸ்மெக்ஸ் கருவி பிளேட்லெட்கிரிட்டை (ரத்தத்தில் பிளேட்லெட் நிரப்பும் பங்கு) எண்ணிக்கையால் வகுத்து எம்.பி.வி தருகிறது. கூல்ட்டர் கருவி 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் (மிகச் சிறிய பரும அலகு) வரை உள்ளவற்றை எண்ணி, வளைகோடு பொருத்திக் கணக்கிடுகிறது. ஒரே ரத்தத்துக்கு இரண்டும் ஒரே எண்ணைத் தராது. கருவி மாறிய தேதிக்கு முன், பின் என்று பிரித்துத்தான் அலச வேண்டும்.

இந்த நோயாளிகளில் இரும்புச்சத்துக் குறைபாடு சகஜம். எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 60-ஐ ஒட்டி இறங்கினால் குட்டிச் சிவப்பணுக்கள் பிளேட்லெட் கணக்கில் புகுந்து, எண்ணிக்கை, எம்.பி.வி இரண்டையும் உயர்த்திக் காட்டும். ஹிஸ்டோகிராமின் (பிளேட்லெட் அளவுகளின் வரைபடம்) வலது கால் அடிக்கோட்டைத் தொடாமல் தொங்கினால் அந்த ரிசல்ட் வேண்டாம். ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) பிளேட்லெட் திரள்கள் தெரிந்தாலும் அப்படியே.

பதில் 2 (கைனிக்_ஆங்கோ):
லேபை மட்டும் பழி சொல்ல முடியாது, உயிரியலும் குழப்புகிறது. 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 619 சினைப்பை புற்றுநோயாளிகளில் 31 சதவீதம் பேருக்குப் பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு நாலரை லட்சத்துக்கு மேல். அவர்கள் ஆயுளும் குறைவு. கட்டி சுரக்கும் ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதம், கல்லீரலில் த்ராம்போபாய்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது. பொதுவாக எண்ணிக்கை ஏறினால் எம்.பி.வி இறங்கும். ஆகவே "குறைந்த எம்.பி.வி மோசம்" என்பது அதிக எண்ணிக்கையின் நிழலாகவே இருக்கலாம். எண்ணிக்கையையும் மாடலில் சேர்க்காமல் எம்.பி.வி-யைத் தனிக் குறியீடு என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வி அதுதான்.

எந்த நாளின் சி.பி.சி (முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை) என்பதும் முக்கியம். நியோஅட்ஜுவன்ட் (அறுவைக்கு முன் தரும்) கீமோ முடித்து வந்தவருக்கு "அறுவைக்கு முந்தைய" ரிப்போர்ட் என்பது கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து மஜ்ஜையை அமுக்கி, அது மீண்டு வரும் நேரத்து ரிப்போர்ட். புதுப் பிளேட்லெட்டுகள் பெரியவை, எம்.பி.வி பொய்யாக ஏறும். முதல் கீமோவுக்கு முந்தையதை மட்டும் எடுங்கள். அண்மையில் பிளேட்லெட் ஏற்றியவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள், அந்நேரம் தொற்றில் இருந்தவர்கள் வேண்டாம். சர்க்கரை நோய் எம்.பி.வி-யை உயர்த்தும், அவர்களை விலக்காமல் ஒரு மாறியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (பயோஸ்டாட்ஸ்):
கட்-ஆஃபே வேண்டாம். எல்லா எண்ணையும் முயன்று பார்த்து மிகச் சிறிய பி மதிப்பு வருவதைத் தேர்ந்தால், 5 சதவீதம் என்று நினைக்கும் பிழை வாய்ப்பு 40 சதவீதம் வரை போகும். 1994-லேயே ஆல்ட்மன் குழு எச்சரித்தது இது. உங்கள் ஆர்.ஓ.சி-யில் இன்னொரு ஓட்டை: பாதியில் ஃபாலோ-அப் விட்டவரை "உயிரோடு" என்று எண்ணிவிடும்.

எம்.பி.வி-யைத் தொடர் எண்ணாகவே காக்ஸ் மாடலில் (பல காரணிகளைச் சேர்த்து ஆயுளை அலசும் முறை) வையுங்கள், வளைவு இருக்கிறதா என்று ஸ்ப்லைன் (நெளியும் கோடு பொருத்தும் முறை) போட்டுப் பாருங்கள். 50 மரணத்துக்கு நாலைந்து மாறிகளுக்கு மேல் தாங்காது. ஸ்ப்லைனும் அந்தக் கணக்கில் பங்கு கேட்கும். ஃபிகோ ஸ்டேஜ் (நோய் பரவிய நிலை), அறுவைக்குப் பின் மிச்சக் கட்டி, வயது, பிளேட்லெட் எண்ணிக்கை, பிறகு எம்.பி.வி. இவற்றையெல்லாம் சேர்த்த பின்னும் எம்.பி.வி நின்றால்தான் பேசத் தகுந்தது. நிற்காமல் போக வாய்ப்பு அதிகம், அதையும் அப்படியே எழுதலாம்.

பிஜி_பேத்தாலஜி:
நன்றி. எடுத்த நேரம் பாதிப் பேருக்குக்கூட இல்லை. இனி வருகிறவர்களுக்குச் சிட்ரேட் (இன்னொரு உறைதடுப்பான்) குழாயில் எடுத்து, பழையவற்றோடு சேர்க்கலாமா?

ஹெமட்டாலஜி_லேப்:
சேர்க்க முடியாது. சிட்ரேட்டில் ஊதல் குறைவு, எம்.பி.வி தாழ்வாக வரும். திரவம் கலப்பதால் எண்ணிக்கையையும் 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ-வையே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, ஃப்ரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்தில் விட்டு, எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில், எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள். ஒன்று அரை மணியில், ஒன்று இரண்டு மணியில் என்று சிதற வேண்டாம். நேரத்தை நர்ஸ் குழாய் மேலேயே எழுதட்டும்.