வளவுக் குடும்பம் குழு: தம்பி போட்ட போட்டோ
(எங்க பக்கம் அக்கா ஆச்சி, அக்கா வீட்டுக்காரர் அயித்தான், பெரியப்பா பெரியப்பச்சி.)

தம்பி: அயித்தானோட அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு எவர்சில்வர் சாமான் பூராம் வாங்கியாச்சு. மதுரையில என்னா கூட்டம்! அயித்தான் கார்ங்கிறதால கடை வாசல்லயே இடம் கிடைச்சுது.
(போட்டோ)

பெரிய ஆச்சி: தூக்குவாளி நல்லாருக்குப்பா. எத்தனை?

தம்பி: 60 ஆச்சி.

நான்: தம்பி, டயருக்குக் கீழ தரையில சக்கர நாற்காலி படம் தெரியுதே. அது மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒதுக்குன இடமாச்சே. அயித்தான் கூட வந்தாகளா?

தம்பி: இல்ல ஆச்சி, வீட்டுலதான் இருக்காக. கண்ணாடியில ஸ்டிக்கர் இருக்குல்ல, செக்யூரிட்டியே அந்த இடத்தைக் காட்டிவிட்டாரு. அவுக வேலையாத்தானே போனேன்.

லண்டன் அண்ணே: இங்க இதே காரியத்துக்கு அபராதம் 1,000 பவுண்டு வரைக்கும். நீல பேட்ஜுன்னு ஒண்ணு குடுப்பாக. அது காருக்கு இல்ல, ஆளுக்கு. அவுக எந்தக் கார்ல போறாகளோ அதுல வச்சுக்கலாம். அவுக வராம, "அவுகளுக்குத்தான் சாமான் வாங்கப் போறேன்"னு மத்தவுக வச்சு நிறுத்துனா குத்தம். பேட்ஜையே பறிச்சாலும் பறிச்சிருவாக.

பெரியப்பச்சி: அது லண்டன். நம்ம பக்கம் யாருப்பா கேக்குறா?

நான்: சட்டம் இங்கயும் இருக்கு பெரியப்பச்சி. பார்க்கிங் விதியை மீறினா மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவுல முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 வரை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல 89-ஆம் பிரிவு இன்னும் கடுமை. அந்தச் சட்டத்தை மீறுறவுகளுக்கு முதல்ல 10,000 வரை, மறுபடி மீறினா 50,000-லேர்ந்து 5 லட்சம் வரை. கேக்க ஆளு இல்லேங்கிறதுக்காக நாமளே செய்யலாமா?

தம்பி: பத்து நிமிசந்தான் ஆச்சி.

அயித்தான்: தம்பி, நான் சொல்றதைக் கேளு. வாசல் பக்கம்ங்கிறது ரெண்டாவது. அந்த இடத்தை 3.6 மீட்டர் அகலத்துக்கு விடணும்னு சொல்றது எதுக்குன்னு நினைக்கிறே? கதவு முழுசாத் திறக்கணும். காலிபர்ங்கிற தாங்கு கம்பி போட்ட காலை நான் கையால தூக்கித்தான் வெளியில வைக்கிறேன். பாதிக் கதவுல அது முடியாது. போன வருசம் ஒரு ஆஸ்பத்திரியில அந்த இடத்தை யாரோ அடைச்சிட்டாக. வேற இடத்துல விட்டுட்டு உள்ள போனேன். வந்து பாத்தா பக்கத்துல ஒரு வண்டி ஒட்டி நிக்குது. கதவைத் திறக்க வழியில்ல. ஒரு மணி நேரம் வெயில்ல ஊன்றுகோலோட நின்னேன். அந்த வண்டிக்காரரும் பத்து நிமிசந்தான்னு நினைச்சிருப்பாரு.

பெரிய ஆச்சி: இதை நீங்க எங்கிட்டகூடச் சொல்லலையே.

அயித்தான்: சொன்னா வருத்தப்படுவே. தம்பி, உன் போட்டோவுல ஓரத்துல பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் ஒண்ணு நிக்குது. பாத்தியா?

(வெகு நேரம் கழித்து)

தம்பி: பாத்தேன் அயித்தான். ஒரு அம்மா. ரெண்டு தடவை சுத்தி வந்தாக. சாமான் ஏத்திக்கிட்டு இருந்தேன், எடுக்கல. அப்புறம் அவுக போயிட்டாக.

நான்: அவுகளுக்கு அங்க என்ன வேலையோ. கடைசியில வாங்காமலே திரும்பியிருப்பாகளோ என்னவோ. எனக்கு மனசு ஆறல தம்பி.

தம்பி: எனக்கும் ஆச்சி. தப்புத்தான். அயித்தான், மன்னிச்சிருங்க.

அயித்தான்: எங்கிட்ட எதுக்குப்பா. கார் எப்ப வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. ஸ்டிக்கரை மட்டும் கழட்டி என் பெட்டியில வச்சிட்டுப் போ.

பெரியப்பச்சி: சாந்திக்கு உங்க சேக்காளிக சக்கர நாற்காலியில ரெண்டு பேரு வர்றாகளே மாப்பிள்ளை. நம்ம தெருவுல அன்னைக்கு நிக்கக்கூட இடம் இருக்காதே?

தம்பி: முகப்புக்கு நேரா ரெண்டு வண்டிக்கு நான் அளந்து விடுறேன் பெரியப்பச்சி. 3.6 மீட்டர். முதல் நாள் ராத்திரியே கயிறு கட்டிருவேன். விடிஞ்சதுலேர்ந்து அங்கயேதான் நிப்பேன்.

பெரிய ஆச்சி: முகப்புப் படிக்குப் பலகையும் வேணும். தச்சரை நாளைக்கே வரச் சொல்லு.