இணையத்தில் மூழ்கியிருப்பது நோயா?

ஈசூன் வாசகி:
உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், தட்டில் சோறு ஆறிப்போனாலும் கைப்பேசி விளையாட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. உறவினர்கள் இதை ‘இணைய அடிமைத்தனம்’ என்கிறார்கள். உளவியலாளர்களும் அப்படித்தான் கருதுகிறார்களா?

மனநல ஆலோசகர்:
அம்மா, நாம் மணிக்கணக்கைப் பார்க்கிறோம். உளவியலாளர்கள் பாதிப்பைப் பார்க்கிறார்கள். பொதுவான இணைய அடிமைத்தனம் என்று தனி நோய் எதையும் உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த நோய்ப் பட்டியலின் பதிப்பாக 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் இருப்பது, மின்னணு விளையாட்டுகள் சார்ந்த ‘விளையாட்டுக் கோளாறு’தான். கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கே முதலிடம் தருவது, தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகியவற்றால் படிப்பும் உறவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அந்நிலை வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்தால்தான் அப்படிக் கணிப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டில், இணைய விளையாட்டுக் கோளாற்றை மேலும் ஆராய வேண்டிய ஒன்றாகவே வைத்தது.

தெம்பனிஸ் ஆசிரியர்:
வரையறை நிறைவேறும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மனச்சோர்வோ பதற்றமோ கொண்ட பிள்ளைகள் திரைக்குள் ஒதுங்குவதும் உண்டு. அப்போது கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் எதுவும் தீராது.

மனநல ஆலோசகர்:
உண்மைதான். தூக்கம், பள்ளி வருகை, நண்பர்களுடனான பழக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். அவை குலைந்திருந்தால் முதலில் பள்ளி ஆலோசகரை அணுகுங்கள். தேவைப்பட்டால் சிங்கப்பூர் மனநலக் கழகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு.