சிறுநீரக நோயில் சாப்பாட்டு இரும்பு எவ்வளவு கைகொடுக்கும்? சில அனுபவங்கள்

அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள்

அப்பாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை. கொஞ்ச காலமாகவே படி ஏறினால் மூச்சு வாங்கும், மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, ரத்தசோகை என்றார்கள். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள்: கீரை, பேரீச்சை, உலர்திராட்சை, ஈரல். எல்லாம் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அப்பாவின் பொட்டாசியம் அப்போதே கூடுதல், 5.6. கீரையும் உலர்பழமும் பொட்டாசியத்தை ஏற்றும். ஈரலில் பாஸ்பரஸ் அதிகம். இரும்புக்காக வைக்கும் ஒவ்வொரு கவளத்தோடும், சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத ஏதோ ஒன்றும் கூடவே உள்ளே போகிறது.

மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் முன் இரண்டு பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார்: ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். முதலாவது, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும். இரண்டாவது, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அப்பாவுக்கு ஃபெரிட்டின் 180, சாச்சுரேஷன் மட்டும் குறைவு, 15 சதவீதம். "இரும்பு கையிருப்பு இருக்கிறதே டாக்டர், அப்புறம் ஏன் ரத்தசோகை?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வரும் கதவும், சேமிப்பிலிருந்து வெளியே வரும் கதவும் அதன் கையில்தான் இருக்கின்றன. சிறுநீரகம் பழுதானால் ஹெப்சிடின் சரியாக வெளியேறாது, உடம்பில் இருக்கும் அழற்சி அதை இன்னும் கூட்டும். இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். போதாததற்கு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டினைச் சுரப்பதும் சிறுநீரகம்தான். அதுவும் குறைந்துவிடுகிறது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, சாப்பாட்டை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது என்று. ஊசி வழியாக இரும்பு ஏற்றியபின் அப்பாவின் ஹீமோகுளோபின் 10.6க்கு வந்தது. மூச்சு வாங்குவது நன்றாகவே குறைந்திருக்கிறது.

டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவர்

சகோதரி, எங்கள் நிலைமையில் கணக்கு இன்னும் கடினம். ஆரோக்கியமான ஒருவர் உணவிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சுவதே 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஏறக்குறைய அதே அளவு இயல்பாகவே வெளியேறிவிடும், வரவும் செலவும் சரியாகிவிடும். ரத்தத்தை இயந்திரம் வழியாகச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸில் அப்படி இல்லை. ஃபில்டரிலும் டியூபிலும் தங்கிவிடும் ரத்தம், அடிக்கடி எடுக்கும் சாம்பிள் என்று ஆண்டுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் உறிஞ்சினாலும் ஆண்டு முழுக்கச் சேர்வது முக்கால் கிராமுக்கும் குறைவு. எதைச் சாப்பிட்டு இந்தப் பள்ளத்தை மூடுவது?

பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடந்த பிவோட்டல் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. இரும்பு குறையும்வரை காத்திருந்து கொடுப்பதைவிட, ஃபெரிட்டினுக்கும் சாச்சுரேஷனுக்கும் ஒரு மேல்வரம்பு வைத்துக்கொண்டு மாதாமாதம் 400 மில்லிகிராம் ரத்தநாளம் வழியாகக் கொடுத்தவர்களுக்கு எரித்ரோபாய்டின் ஊசி குறைவாகத் தேவைப்பட்டது. மரணம், மாரடைப்பு போன்றவையும் குறைவாகவே இருந்தன. என் மருத்துவரும் இந்த வழியில்தான் போகிறார்.

ஒன்றை மட்டும் எல்லாரும் கவனியுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தநாளத்தில் வைத்திருந்த குழாயில் (கத்தீட்டர்) எனக்குத் தொற்று வந்தபோது ஃபெரிட்டின் திடீரென்று ஏறியது. அது இரும்பு கூடியதால் அல்ல, அழற்சி வந்தாலே ஃபெரிட்டின் ஏறும். தொற்று தீரும்வரை இரும்பு ஊசியை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து யாரும் நிம்மதியும் அடைய வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

உணவு ஆலோசகர்

மேலே எழுதிய இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பலர் பயந்துபோய் தட்டையே காலி செய்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். அதற்காகச் சாப்பிடும் மீன், கோழி, முட்டையிலேயே ஓரளவு இரும்பும் வந்துவிடும். இறைச்சி, மீனில் உள்ள ஹீம் இரும்பு, தாவர இரும்பைவிட எளிதாக உறிஞ்சப்படும். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரத அளவு வேறு, இதைவிடக் குறைவு. அதனால் ஒருவருடைய அட்டவணையை இன்னொருவர் பின்பற்றவே கூடாது.

சைவர்கள் கீரை, பயறு வகையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு இறங்கும். டீ, காபியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளி வைத்துக் குடிக்கலாம். வைட்டமின் சி தாவர இரும்பு உறிஞ்சப்பட உதவும் என்பது உண்மைதான். ஆனால் சிறுநீரக நோயில் அதை அதிக அளவு மாத்திரையாகப் போட்டால் ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து சிறுநீரகத்துக்கே கெடுதல்.

மாத்திரையோடு போராடியவர்

எனக்கு முதலில் இரும்பு மாத்திரைதான் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொன்னதால் பயப்படவில்லை. மலச்சிக்கல்தான் பாடாய்ப் படுத்தியது. அது வெறும் அசௌகரியம் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் சுணங்கும்போது பொட்டாசியத்தின் ஒரு பகுதியைக் குடல்தான் வெளியேற்றுகிறது, அதுவும் அடைபட்டால் பொட்டாசியம் ஏறும்.

கூடவே பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கால்சியம் மாத்திரையும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுமே இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவர் மேஜையில் வைத்தேன். கால்சியத்தையும் இரும்பையும் வேறு வேறு நேரத்துக்கு மாற்றினார், அமில மாத்திரை இனித் தேவையில்லை என்று நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் சாச்சுரேஷன் கொஞ்சம் ஏறியிருந்தது. ஃபெரிக் சிட்ரேட் என்று ஒரு மருந்தும் உண்டு. பாஸ்பரஸையும் பிடித்து வைக்கும், இரும்பையும் தரும். எல்லாருக்கும் பொருந்தாது, கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நிலையில் இருக்கும் ஒரு பெண்

என் கதை கொஞ்சம் வேறு. ஃபெரிட்டின் 11. அவ்வளவு குறைவு என்றால் சிறுநீரகத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது, எங்கோ ரத்தம் போகிறது என்றார் மருத்துவர். தேடிப் பார்த்ததில் வயிற்றில் புண். வலி நிவாரணி மாத்திரைகள்தான் காரணம், அவை சிறுநீரகத்துக்கும் ஆகாதவை. அவற்றை நிறுத்தி, புண்ணுக்கு வைத்தியம் செய்து, இரும்பு மாத்திரையும் எடுத்தேன். ஃபெரிட்டின் நூறைத் தாண்டிவிட்டது. இப்போது மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே நிலையாக நிற்கிறது. என் சிறுநீரகம் இன்னும் பாதிக்கு அருகில் வேலை செய்வதால் இது முடிகிறது. சிறுநீரக நோயோடு ஃபெரிட்டின் மிகவும் தாழ்ந்திருப்பவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களும் ஆண்களும், இரும்புச் சத்து டானிக் வாங்குவதற்கு முன் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.