புதுப்பிப்பு: சில்வர் பீச்சில் கிடைத்த குட்டி கேமரா

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தைத் தோண்டியதில் தீப்பெட்டி அளவு கேமரா ஒன்று வந்தது, என்ன வகை என்று கேட்டிருந்தேன் இல்லையா? தெரிந்துவிட்டது.

மினாக்ஸ் உளவாளி கேமரா என்றீர்கள் பலர். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் அது நீளமாக இழுத்துத் திறப்பது. படம் 8×11 மி.மீ. இதுவோ பெரிய கேமராவைச் சுருக்கிய மாதிரி இருக்கிறது.

பழைய டூத்பிரஷ்ஷில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தேன். பின்மூடியில் மிளகளவு சிவப்புக் கண்ணாடி எட்டிப் பார்த்தது. ஃபிலிமின் காகித முதுகில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கும் ஜன்னல் அது. உள்ளே ஸ்கேல் வைத்தால் படச்சட்டம் 14 மி.மீ. சதுரம். சரி, போருக்குப் பின் ஜப்பானில் மலிவாகச் செய்து குவித்த ‘ஹிட்’ வகைதான், 17.5 மி.மீ. ஃபிலிம் போடுவது.

ஷட்டர் உப்பேறி இறுகிவிட்டது. ஃபிலிம் இல்லை, ஒரு ஸ்பூன் மணல்தான். “விற்றால் எவ்வளவு தேறும்?” என்று அம்மா கேட்டார். டிடெக்டரின் பேட்டரிக் காசுகூடத் தேறாது.